இராவணன் மீசைக்கும் ஒரு பக்கம்

கற்பிட்டிக்கு வரும் வெளியூர்க்காரர் கமராவைத் தூக்குவது பெரும்பாலும் டொல்பினுக்காகத்தான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, கடல் ஓய்ந்திருக்கும் மாதங்களில், காலையில் படகேறிப் போனால் சுழன்று துள்ளும் டொல்பின்கள் கூட்டங்கூட்டமாக வரும். சில நாட்களில் நூற்றுக்கணக்கில். படமும் நன்றாக வரும். அதே கற்பிட்டிக் குடாநாட்டில், பாலாவி–கற்பிட்டி வீதியில் இருக்கும் நுரைச்சோலையில் ஒரு பாடசாலை தன் சுற்றாடலின் உயிர்களுக்குப் படப்பட்டியல் ஒன்று தயாரிக்கப் புறப்பட்டால், டொல்பினைக் கடைசிக்கு வையுங்கள் என்பேன். முதல் பக்கம் இராவணன் மீசைக்கு.

கடற்கரை மணலில் முள்முள்ளாக விரிந்து கிடந்து காலைக் குத்தும் அந்தப் புல்லை யார் படமெடுக்கப் போகிறார்கள்? ஆனால் அதில் பார்க்க நிறைய இருக்கிறது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர்க்கொத்து சுருண்ட முள்ளம்பன்றியைப் போன்ற உருண்டை. முற்றியதும் காம்பிலிருந்து கழன்று, காற்றுத் தள்ளும் பக்கம் மணலில் உருண்டோடி விதையை உதிர்க்கும். மணலில் ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துவைக்க, அதன்மேல் இன்னும் மணல் சேரும். பட்டியலில் இதற்கு ஒரே படம் போட்டால் இந்தக் கதையில் முக்கால்வாசி காணாமல் போய்விடும். ஆண் கொத்து, பெண் உருண்டை, வேர்விட்ட தண்டு, உருண்டு வந்து வேலியில் சிக்கிக் காய்ந்த கொத்து என்று நான்கு படமாவது வேண்டும். ஓர் உயிருக்கு ஓர் அழகான படம் என்பது நாட்காட்டிக்காரரின் கணக்கு.

இந்த வேலைக்கு நுரைச்சோலை வாய்ப்பான இடம். மேற்கே கடல், கரையில் மணல்மேடு, அதை அடுத்து சின்ன வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் விளையும் மணல் தோட்டங்கள், கிழக்கே கண்டல் மரங்கள் நிற்கும் புத்தளம் களப்பு. எல்லாம் சில கிலோமீட்டர் அகலத்துக்குள். நான்கு வேறு வாழிடங்களை ஒரு மாணவி ஒரே சனிக்கிழமையில் சைக்கிளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மலைநாட்டில் ஒரு பாடசாலைக்கு இது கிடைக்காது.

படத்தோடு குறிப்பும் சேர்ந்தால்தான் அது பதிவு. இந்த விதி கமராவுக்கு முந்தியது. 1670களில் ஒல்லாந்தர் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன், இங்குள்ள செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, ஊர்ப்பெயரையும் எழுதிவைத்தார். அந்தத் தாள்கள் கைமாறிக் கைமாறி 1744இல் சுவீடனில் லின்னேயசிடம் போய்ச்சேர்ந்தன. இலங்கையை ஒரு நாளும் கண்டிராத லின்னேயஸ் அவற்றை ஆதாரமாக வைத்து 1747இல் 'ஃப்ளோரா சைலானிக்கா' என்ற நூலை வெளியிட்டார். அப்போது ஹெர்மன் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. தாள்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே ஒல்லாந்தர் காலத்தில், 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்த லோட்டன், டி பெவர் என்ற ஓவியரைக் கொண்டு இலங்கைப் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அந்த ஓவியங்கள் ஐரோப்பாவில் அச்சேறின. நீண்டு வளைந்த அலகுள்ள ஒரு தேன்சிட்டு இன்னும் லோட்டனின் பெயரைச் சுமந்துகொண்டு நம் வீட்டுப் பூச்செடிகளுக்கு வந்துபோகிறது.

ஒட்டிய செடியால் ஆகும் சில காரியங்கள் படத்தால் ஆகாது. மலேசியாவில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல சாட்சி. 2011இல் சிலாங்கூர் காட்டில் குவெக் ஹொக் பிங் என்ற படப்பிடிப்பாளர், வலைபோல நரம்போடிய மெல்லிய இறகுள்ள ஒரு பச்சைப் பூச்சியைப் படமெடுத்துவிட்டு அதைப் பறக்கவிட்டார். படத்தை இணையத்தில் போட்டார். கலிபோர்னியாவில் பூச்சியியலாளர் ஷோன் விண்டர்டன் தற்செயலாக அதைப் பார்த்து, இறகிலிருந்த கறுப்பு அடையாளம் தனக்குத் தெரிந்த எந்த இனத்திலும் இல்லை என்று கண்டுகொண்டார். புதிய இனம் என்ற சந்தேகம் படத்திலிருந்தே வந்துவிட்டது. பெயர் வைக்க மட்டும் முடியவில்லை. உடலைச் சோதிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு குவெக் அதே காட்டுக்குப் போய் இன்னொன்றைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பிய பிறகே, 2012இல், செமக்ரைசா ஜேட் என்ற பெயர் அச்சில் வந்தது. ஆக, படம் கேள்வியை எழுப்பும். சில சமயம் பதிலும் சொல்லும். பாடசாலைப் பட்டியலுக்கு அது தாராளமாகப் போதும். பிள்ளைகள் பூச்சியைக் குத்திச் சேகரிக்கவும் வேண்டாம், செடியை வேரோடு பிடுங்கவும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட உயிர்களில் கைவைத்தால் சட்டமும் குறுக்கே வரும்.

படம் பதில் சொல்ல வேண்டுமானால் எதை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். களப்புக் கரைக்குப் போவோம். தூரத்திலிருந்து எடுத்தால் கண்டல் காடு ஒரு பச்சைச் சுவர்; எந்த மரத்தையும் அடையாளம் காண முடியாது. குனிந்து வேரைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. தண்டிலிருந்து வளைந்து சேற்றில் ஊன்றிய தாங்கு வேர்கள் என்றால் கண்டல் என்றே பெயர்கொண்ட மரம். சேற்றுக்கு மேல் பென்சில் நட்டுவைத்தாற்போல நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்கள் என்றால் கண்ணா. கண்ணாவின் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் எடுக்க வேண்டும். அது சாம்பல் வெளுப்பாக இருக்கும். வெயில் நாளில் உப்புப் பரல்களும் தெரியலாம், ஏனென்றால் உறிஞ்சிய உப்பை அது இலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. கண்டலிலேயே இரண்டு இனங்கள் நெருங்கிய தோற்றமுள்ளவை. அங்கே இலை நுனியின் கூர், பூங்கொத்து கிளைவிட்டிருக்கிறதா இல்லை இரண்டு பூ ஒட்டி நிற்கிறதா, மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நாற்றின் நீளம் ஆகியவை வேண்டும். நீளம் என்றால் பக்கத்தில் அடிமட்டம் வைத்த படம். கை விரலை வைத்து எடுப்பவர்கள் உண்டு. தரம் 5 பிள்ளையின் விரலும் அவர் வாப்பாவின் விரலும் ஒன்றா? தில்லை மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் கவனம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். படமெடுங்கள், கிள்ளாதீர்கள்.

எந்த மரம் எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறிப்பு ஏதோ பள்ளிக்கூடப் பயிற்சிக்காக என்று நினைத்துவிடக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரங்களில் கண்டல் நடுவது பெரிய இயக்கமாயிற்று. என்ன ஆனது என்று சுனந்த கொடிகாரவும் உடன் ஆய்வாளர்களும் 23 இடங்களில் போய்ப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அவர்களின் ஆய்வுப்படி, 1000 முதல் 1200 ஹெக்டயர் வரை நட்டதில் தேறியது ஏறக்குறைய 200 ஹெக்டயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. நீர்மட்டத்துக்குப் பொருந்தாத இடத்தில், பெரும்பாலும் அந்தத் தாங்கு வேர்க் கண்டலின் நாற்றையே கொண்டுபோய் ஊன்றியது முக்கியமான காரணங்களில் ஒன்று. நாற்றைச் சேற்றில் குத்துவது எளிது என்பதால் அதையே எல்லாரும் குத்தினார்கள். எந்த இனம் வற்றுப்பெருக்கில் எவ்வளவு தூரம் நனையும் நிலத்தில் தானாக வளர்கிறது என்று சொல்லும் திகதியிட்ட படங்கள், நடப்போகிறவருக்கு முதலில் கையில் இருக்க வேண்டிய சாமான். அதை ஒரு பாடசாலையால் எடுத்துக்கொடுக்க முடியும்.

கடல் பக்கத்தில் படமெடுக்க நல்ல இடம் கரைவலை இழுக்கும் கரை. மீனவர் விலைக்கு எடுக்காத சிறு மீனும் நண்டும் மணலில் கிடக்கும். மீனுக்கு உலகெங்கும் ஒரு வழக்கம் இருக்கிறது: தலை படத்தின் இடப்பக்கம் பார்க்க, மீனின் இடது விலா தெரிய, செட்டைகளை விரித்து வைத்து எடுப்பது. எல்லாரும் ஒரே மாதிரி எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான் காரணம். தாமதிக்கவும் கூடாது. செத்த மீனின் நிறம் சீக்கிரமே மங்கத் தொடங்கிவிடும். வாடிக்குக் கொண்டுபோய் எடுத்த படத்தில் கோடும் புள்ளியும் பாதி அழிந்திருக்கும்.

பறவைக்கு வந்தால் கைபேசி கையை விரித்துவிடுகிறது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கைபேசியின் முதன்மை லென்ஸ், 50 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 65, 70 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்குகிறது. படத்தின் அகலம் 4000 பிக்சல். ஆக, ஒரு மீட்டருக்கு 60 பிக்சல் சொச்சம். அந்தத் தூரத்தில் மணல்திட்டில் நிற்கும் ஆலாவின் அலகு ஆறு சென்டிமீட்டர் என்றால், அதற்குக் கிடைப்பது மூன்று நான்கு பிக்சல். திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்கினால் அந்த மூன்று பிக்சலும் பெரிதாகுமே தவிர நான்காவது புதிதாகப் பிறக்காது.

இதில் என்ன வந்துவிடப்போகிறது என்றால், இந்தக் கரைக்கு வரும் கொண்டையுள்ள ஆலாக்களில் இரண்டு இனங்களைப் பிரிக்கும் முக்கிய அடையாளமே அலகின் நிறம். பெரியதற்கு எலுமிச்சை மஞ்சள், சிறியதற்குச் செம்மஞ்சள். மாலை வெயிலில் எடுத்த படத்தில் இது இன்னும் மோசமாகிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி காற்றில் அதிக தூரம் ஊடுருவி வருகிறது; வழியில் நீலம் சிதறிப்போய் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. நம் மூளை அதைச் சரிக்கட்டிப் பார்க்கப் பழகியது. கைபேசியோ படத்தில் எது வெள்ளையாக இருக்க வேண்டும் என்று தானாக ஊகித்து மற்ற நிறங்களை அதற்கேற்பத் தள்ளுகிறது. ஊகம் பிசகினால் மஞ்சள் அலகு செம்மஞ்சளாகிவிடும், செம்மஞ்சள் மஞ்சளாகிவிடும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், இரண்டு இனமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கூட்டத்தை எடுத்தால் உருவத்தின் அளவு பேசும். முதுகின் சாம்பல் எவ்வளவு கருமை, நெற்றியில் அலகுக்கும் கறுப்புத் தொப்பிக்கும் நடுவில் வெள்ளை உண்டா என்பவையும் உதவும். காலை பத்து மணிக்குள் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்தால் பாதிப் பிரச்சினை எழவே எழாது. பறவையைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காதது. வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இளைப்பாறும் கரைப்பறவைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்.

எருக்கலையைச் சுற்றிப் பறக்கும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியில் வேறொரு வம்பு. அதன் புழு எருக்கலை இலையைத் தின்று நஞ்சை உடலில் சேர்ப்பதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. அந்தப் பாதுகாப்பை இரவல் வாங்க, நஞ்சில்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் அச்சாக அதைப் போலவே உடுத்திக்கொண்டு திரிகிறது. பின்னிறகைப் பாருங்கள்: அசலுக்கு நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளி, போலிக்கு மேலோரத்தில் ஒன்றே ஒன்று. முன்னிறகு மட்டும் விழுந்த படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தீர்ப்புச் சொல்லாது.

இனி இடமும் நேரமும். கைபேசியில் இருப்பிட வசதியைத் திறந்து வைத்தால், படக் கோப்புக்குள்ளேயே அகலாங்கும் நெட்டாங்கும் திகதியும் நேரமும் எழுதப்பட்டுவிடும். நுரைச்சோலை ஏறக்குறைய வடக்கு 8.02 பாகை, கிழக்கு 79.72 பாகை. தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் வைத்துக்கொள்வது என்பது இந்த ஊரில் சின்னக் கேள்வி அல்ல. ஓர் இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர் படிநிலை. இந்த ஒடுங்கிய குடாநாட்டில் வெங்காயத் தோட்டத்துப் பூச்சி கடலில் போய் விழலாம், களப்பிலும் விழலாம். இரண்டு இலக்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். மணல்மேடா தோட்டமா என்பது தெரியாமல் போகும். நான்கு இலக்கம் 11 மீட்டர். பாடசாலைக்கு அது போதும், அதற்கு மேல் வைத்தாலும் கைபேசியின் துல்லியம் அவ்வளவு தூரம் வராது.

இவ்வளவும் ஒரு நொடியில் காற்றில் போகும் இடம் வாட்ஸ்அப். வகுப்புக் குழுவில் படமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்குகிறது, உள்ளே இருந்த இடக்குறிப்பையும் கழற்றிவிடுகிறது. ஆசிரியைக்கு வந்து சேர்வது எங்கே எப்போது எடுத்தது என்று சொல்லத் தெரியாத படம். அதையே ஆவணக் கோப்பாக அனுப்பினால் அசல் அப்படியே வரும். இந்த ஒரு பழக்கத்தை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு கொப்பியும் இருக்கட்டும்: எடுத்தவர், இடம், எந்தச் செடியில், நிலம் நனைந்திருந்ததா, காற்று எப்படி. கொப்பிக்குப் பற்றரி இறங்காது.

பெயர் வைக்கும் கட்டத்தில் இப்போது எல்லாரும் முதலில் கேட்பது இயந்திரத்தை. 2008இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் பட்டமேற்படிப்புச் செயற்திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், படத்தைக் கொடுத்தால் இனத்தை ஊகித்துச் சொல்கிறது. அந்த ஊகம் அதற்கு முன்பு காட்டப்பட்ட படங்களிலிருந்து வருவது; ஓர் இனத்துக்குச் சுமார் நூறு படமாவது சேர்ந்தால்தான் அது அந்த இனத்தைக் கற்கிறது. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் படங்கள் குவிந்திருப்பதால் அங்குள்ள உயிர்களில் அது கெட்டிக்காரன். நம் மணல் பூச்சிகளில் தடுமாறும். இயந்திரம் ஒரு பெயர் சொன்னவுடன் பிள்ளைகள் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் என் கவலை. அந்தத் தளத்திலேயே பதிவு 'ஆராய்ச்சித் தரம்' பெற, பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயரில் உடன்பட வேண்டும், அதுவும் குறைந்தது இருவர். பாடசாலைக்கும் அந்த ஒழுங்கு நல்லது. தெரியாவிட்டால் 'ஏதோ ஒரு சிலந்தி' என்று நிறுத்திக்கொள்வது தப்பான முழுப்பெயரை விட மேல். ஊரில் கேட்க ஆளில்லாமலும் இல்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் மூத்தவர்கள் மன்னார்க் கரைச் செடிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். களப்பில் வலை போடுகிறவருக்கு மீன்களைத் தெரியும். அவர்கள் சொல்வதையும் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதலாம்.

பிள்ளைகள் எடுத்த படம் எவ்வளவு தூரம் போகும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஒன்பது புள்ளி கொண்ட பொறிவண்டு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 14 ஆண்டுகளாகக் கண்ணிலேயே படவில்லை. 2006இல் வேர்ஜினியாவில் அதைக் கண்டது பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் இருவர். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பொறிவண்டுத் தேடலில் சேர்ந்திருந்தார்கள். இந்தியாவில் 2010இல் தொடங்கிய சீசன்வாட்ச் இன்னொரு வழி. கேரளப் பாடசாலைகள் ஏராளமாகச் சேர்ந்த அந்தத் திட்டத்தில் மாணவர் ஒரு மரத்தைத் தெரிந்தெடுத்து, தளிர், பூ, காய் எப்போது என்று வாரந்தோறும் குறிக்கிறார். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணுகிறார்கள். இவை எதிலும் அபூர்வத்தைத் தேடி ஓடுவது நோக்கம் இல்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் வேலை.

திரும்பப் போவதற்கு நுரைச்சோலையில் ஒரு காரணம் அதிகமாகவே இருக்கிறது. லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. புகைபோக்கி ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரிகிறது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'முன்பு இப்படி இருந்தது', 'இல்லை, அப்படி இல்லை' என்ற வாக்குவாதம் வரும். 2009இல் குறித்த மணல்மேட்டில், குறித்த திசை நோக்கி, திகதியோடு எடுத்த சாதாரணச் செடிப் படங்கள் ஒரு பாடசாலை அலுமாரியில் இருந்திருந்தால் அந்த வாக்குவாதத்தில் பாதியைச் சுருக்கியிருக்கலாம். இன்று எடுப்பவை 2040இல் அந்த வேலையைச் செய்யும். ஆனால் ஒரு நிபந்தனை: பார்த்ததைப் போலவே பார்க்காததையும் எழுத வேண்டும். 'இந்த மாதம் மூன்று தரம் போனோம், அடம்பன் கொடியில் ஒரு பூவும் இல்லை' என்பதும் பதிவுதான். வீதியோரம், நல்ல வெயில், சனிக்கிழமை, அழகான உயிர் என்று மட்டும் எடுத்தால் பட்டியலில் தெரிவது ஊர் அல்ல, எடுத்தவரின் வசதி. செடிகளைக் கவனிக்காமலே கடந்துபோகும் மனிதப் பழக்கத்தை அமெரிக்கத் தாவரவியல் கல்வியாளர்கள் வாண்டர்சியும் ஷுஸ்லரும் 1990களின் இறுதியிலேயே சுட்டிக்காட்டினார்கள். இன்றும் உலகப் பொதுத் தரவுக் களஞ்சியமான ஜிபிஃப்பில் சேர்ந்திருக்கும் இருநூறு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளில் பெரும் பங்கு பறவைகளுக்கே. வெங்காயப் பாத்தியில் பிடுங்கி எறியும் களைகளையும் எடுங்கள். கிணற்று நீரிலும் உரத்திலும் வரும் மாற்றம் அவற்றிலும் தெரியலாம்.

வெளியிடும்போது இரண்டு விஷயங்களில் கை நடுங்க வேண்டும். ஒன்று, திருடப்படும் உயிர்கள். புத்தளம் மாவட்டக் காடுகளில் இருக்கும் நட்சத்திர ஆமையை வளர்ப்புப் பிராணியாக விற்கக் கடத்துகிறார்கள். 2019 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை உண்டு. அதன் சரியான புள்ளியைப் போடுவது கடத்துகிறவருக்கு வழிகாட்டுவதாகும். ஐநேச்சுரலிஸ்ட் இத்தகைய இனங்களின் இடத்தை ஏறக்குறைய 22 கிலோமீட்டர்ச் சதுரத்துக்குள் எங்காவது மாற்றிக் காட்டும். இந்தக் குடாநாட்டில் ஆமை நடுக்கடலில் நீந்துவதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மற்றது, பிள்ளைகள். பன்னிரண்டு வயது மாணவி தன் வீட்டு முருங்கையில் எடுத்த கம்பளிப்புழுப் படம், நான்கு தசம இலக்கத்தோடு வெளியானால், அவளுடைய வீட்டு முகவரியும் வெளியானதாகவே அர்த்தம். அசல் இடம் பாடசாலைக் கொப்பியில் இருக்கட்டும். வெளியே போகும் பதிவில் புள்ளியைப் பாடசாலை வாசலில் வைத்து, துல்லியம் ஒரு கிலோமீட்டர் என்று எழுதி, மாணவியின் பெயருக்குப் பதிலாக வகுப்பின் பெயரைப் போட்டுவிடலாம்.